பிள்ளை பேச்சுக்கு வழியில்லை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோயமுத்தூரில் "நான் கதை எழுதுகிறேன்" என்று ஒருவன் சொன்னால், "சரிங்க, அப்பறம் சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். சாப்பாட்டுக்கு நான் ஒரு நூல் மில்லில் குமாஸ்தாவாக இருந்தேன். காலையில் சங்கு ஊதினால் உள்ளே போவேன். சாயங்காலம் சங்கு ஊதினால் வெளியே வந்து, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் ரயிலடிப் பக்கத்துக் காப்பி கிளப்புக்கு ஓடுவேன். அங்கே ஹைஸ்கூல் வாத்தியார் ஒருவர் எனக்காகக் காத்திருப்பார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், வாய் கொஞ்சம் நீளம். அந்த ஊரில் என் கதைகளைப் படித்த ஆத்மா அநேகமாக அவர் ஒருவர்தான்.

எங்கள் இருவருக்கும் அப்போது பிடித்திருந்த பைத்தியத்துக்கு ‘நான்’ என்று பெயர். அதுவரை கதை என்றால் ஜமீன்தார் மகள், மாறுவேஷம், கடைசியில் கலியாணம். பாத்திரங்கள் நாடகக் கொட்டகையில் பேசுவது மாதிரி பேசுவார்கள். சென்னையிலிருந்து சில பத்திரிகைகள் வரத் தொடங்கின பிறகுதான் வேறு மாதிரியான கதைகளைப் பார்த்தோம். அவற்றில் ஒரு குமாஸ்தா, ஒரு விதவை, ஒரு தாசி, யாராவது ஒருவர் முன்னால் வந்து, "நான் சொல்கிறேன் கேளுங்கள்" என்று தன் மனசைத் தானே கொட்டுவார்கள். ஏன் இப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியாது, ஆனால் செய்தேன் என்பார்கள். அட, மனுஷன் இப்படித்தானே இருக்கிறான்! எனக்கு அதைப் படித்த நாளில் ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

நானும் எழுதினேன். என் கதை ஒன்றில் ஒரு பெண், புருஷன் வீட்டை விட்டு வெளியேறி ரயிலில் உட்கார்ந்துகொண்டு, தன் கதையைத் தானே சொல்லுவாள். அது அச்சில் வந்தது. வாத்தியார் படித்துவிட்டுக் காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "ஓய், இதிலே அந்தப் பெண் எங்கே பேசறா? நீர்னா அவ மேலே ஏறி உட்கார்ந்துண்டு பேசறீர்!" எனக்கு வந்த கோபத்தில் காப்பிக்கு அவரையே காசு கொடுக்கச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். ஆனால் அறைக்குப் போய் யோசித்தபோது, மனுஷன் சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று உறுத்தியது. என் கதாநாயகி பேசின மாதிரி பேசுகிற ஒரு பெண்ணை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

பார்த்திருக்க முடியாது. எங்கள் பக்கத்தில் ‘மாட்டேன்’ என்று சொல்வது வழக்கமில்லை. "பாக்கலாமுங்க" என்றால் மாட்டேன் என்று அர்த்தம். "ஓசனை பண்ணிச் சொல்றேனுங்க" என்றால் செத்தாலும் மாட்டேன் என்று அர்த்தம். பங்காளிச் சண்டையில் வெட்டரிவாளைத் தூக்கிக்கொண்டு வருகிறவன்கூட "நில்லுங்க, உங்களை வெட்டிப்போடறனுங்க" என்றுதான் சொல்வான். சிரிக்காதீர்கள், நான் காதால் கேட்டது. இவ்வளவு மரியாதைக்குள் ஒரு மனுஷன் தன் மனசைத் திறந்து காட்டுவதற்கு எங்கே இடம்?

என் தங்கை ஒருத்தி இருந்தாள், எனக்குப் பின்னால் பிறந்தவள். கிணத்துக்கடவுக்கு மேற்கே எங்கள் தோட்டம். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்திருந்தாள். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் பத்திரிகைகளை எடுத்துப் போவேன். மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுவிட்டு வந்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு படிப்பாள். என் ரயில் கதையையும் படித்தாள். "நல்லா இருக்குதுங்கண்ணா" என்றாள். அப்புறம் பத்திரிகையை மடித்துக்கொண்டே, "ஆனா இத்தனை பேச்சு எதுக்குங்க? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிப்போட்டுப் போகலாமல்லங்க?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாத்தியாரைவிட இவள் மேல் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளை என் மாமன் மகனுக்குக் கொடுப்பது என்பது அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசி வைத்தது. மாமன் என்றால் அம்மாவின் அண்ணன், அவிநாசிப் பக்கம். மாப்பிள்ளையைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், அதிர்ந்து பேச மாட்டார். பருத்திக்காடும் வற்றாத கிணறும் உண்டு. அத்தைக்கும் என் தங்கை மேல் உயிர். ஊரெல்லாம், "குடுத்து வெச்ச புள்ள" என்றுதான் சொன்னார்கள். தங்கை அதற்கு ஒன்றும் சொன்னதில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை என்பதே யாருக்கும் தெரியவில்லை.

நிச்சயத்துக்கு எங்கள் பக்கம் உப்புச்சர்க்கரை மாற்றுவார்கள். இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு கூடையில் உப்பும் சர்க்கரையும் கொண்டுவந்து, சபையில் வைத்துக் கை மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு பின்வாங்கினால் இரண்டு குடும்பமும் ஜன்மத்துக்கும் முகத்தில் விழிக்காது. அது ஒரு வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுது. வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தோம். பெண்கள் எல்லாம் உள்ளே. ஐயன் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கூடையைத் தூக்கப் போனார்.

அப்போது என் தங்கை உள்ளேயிருந்து வந்து சபை நடுவில் நின்றாள். எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை. பின்னுவதற்குள் எழுந்து வந்திருக்கிறாள், முடி இடுப்புவரை விரிந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயா, எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாமுங்க," என்றாள்.

யாருக்கும் காதில் விழாத மாதிரி இருந்தது. மாமன் மட்டும், "என்ன அம்மிணி?" என்று கேட்டார்.

"வேண்டாமுங்க மாமா. உங்க மேல கோவமில்லீங்க. மச்சான் மேலயும் ஒரு குத்தமில்லீங்க. எனக்கு அங்க வர மனசில்லீங்க."

"ஏன் கண்ணு? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலீங்க. எனக்கே வேண்டாமுங்க."

ஐயன் பாதி தூக்கிய கூடையோடு நின்றார். இதைத்தான், இந்த நாலு வார்த்தையைத்தான், நான் பக்கம் பக்கமாக எழுதியும் எழுத முடியாமல் தவித்தேன்! உள்ளேயிருந்து ஓடி வந்த அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். தங்கை உதறினாள். "உடு! நான் போகமாட்டேன். போகமாட்டேன்னா போகமாட்டேன்!" என்று கத்தினாள். குரல் உடைந்து ஆண்குரல் மாதிரி வந்தது.

அந்தக் கணத்தில்தான் அது நடந்தது. கும்பலில் எவரோ ஒரு பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "புள்ள பேசறாப்பல இல்லீங்களே. தலையை விரிச்சுப்போட்டுக் கிணத்துப் பக்கம் போச்சுதுங்களா?"

நம்ப மாட்டீர்கள், சபை முழுவதும் மூச்சு விட்டது. எங்கள் தோட்டத்துக்கு அடுத்த கிணற்றில் சில வருஷங்களுக்கு முன்னால் ஒருத்தி விழுந்து செத்திருந்தாள். புருஷன் வீட்டில் பிடிக்காமல் விழுந்தாள் என்று பேச்சு. வெள்ளிக்கிழமை, உச்சிப் பொழுது, ஈரத்தலை, கிணறு. போதாதா? "நம்ம புள்ள சபையில வந்து நின்னு பேசுமா?" என்றார் ஒருவர். "பெத்த தாயை ‘உடு’ங்குமா?" என்றார் இன்னொருவர். மாமன் எழுந்து வந்து ஐயனின் தோளைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், மனசைத் தளர உடாதீங்க. புள்ள சொல்லலீங்க, அது சொல்லுது" என்றார். சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர். ஐயன் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை, எப்படிச் சொல்வேன்? யோசித்துப் பாருங்கள். அந்தப் பேச்சு என் தங்கையுடையது என்றால், ஐயன் மானம் போச்சு. மாமன் முகத்தில் சபையில் காறித் துப்பின மாதிரி ஆச்சு. அம்மாவுக்குப் பிறந்த வீடு இல்லை என்று ஆச்சு. அது பேயுடையது என்றால் ஒருவருக்கும் ஒரு நஷ்டமுமில்லை. ஆளுக்கு ஆள் மரியாதை பார்த்துக்கொண்டு, எல்லாருமாகச் சேர்ந்து பேயைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

"அவதானுங்க பேசறா!" என்று நான் கத்தினேன். "ஐயா, அவளே பேசறாளுங்க! காது குடுத்துக் கேளுங்க!"

ஐயன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை, கெஞ்சல்தான் இருந்தது. "கண்ணு, ஏட்டுச் சுரக்காய் கறிக்கு ஆகாது. நீ பேசாம இரு" என்றார். நான் பேசாமல் இருக்கவில்லை. கத்தினேன், வாதாடினேன், குறுக்கே விழுந்தேன். என் பெரியப்பன் மக்கள் இரண்டு பேர் அன்பாக, மிக அன்பாக, ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னைத் தோட்டத்துப் பக்கம் அழைத்துப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் ஊர்க் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். பூசாரி உடுக்கை அடித்தார். தங்கையை நடுவில் உட்கார வைத்துத் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, "யாரு நீ? சொல்லு!" என்று கேட்டார்.

"நான்தானுங்க," என்றாள்.

"நான்னா யாரு?"

"இந்த ஊட்டுப் புள்ளைதானுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா? போன மாசம் கோயில்ல பொங்கல் வெக்கறப்ப நான்தானுங்களே வெறகு கொண்டாந்தேன்!"

வேப்பங்குழையால் ஓங்கி அடித்தார். பேய் லேசில் பேர் சொல்லாது, ஏய்க்கப் பார்க்கும் என்பது ஊரறிந்த விஷயம். மறுபடி உடுக்கை, மறுபடி கேள்வி. அவள் மறுபடியும் தன் பேரையே சொன்னாள். மறுபடியும் அடி. தன் பேரைச் சொல்லச் சொல்ல அடி வாங்குகிற ஒரு ஜீவனை அன்றைக்குப் பார்த்தேன். அதைப் பார்க்க முடியாமல் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் பாய்ந்து பூசாரியின் கையைப் பிடித்தேன்.

பூசாரி நல்ல மனுஷன். கையை உதறவில்லை. எல்லாரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, என்னை ஆலமரத்துப் பக்கம் தள்ளிக் கூட்டிப் போனார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க தம்பி, உங்களுக்கு என்ன தோணுதுங்க?" என்று கேட்டார்.

"அவளே பேசறாளுங்க. பேயுமில்லை, பிசாசுமில்லை."

அவர் கையிலிருந்த வேப்பங்குழையைக் கீழே போட்டார். "இருக்குமுங்க," என்றார். "அப்படியே இருந்தாலும் நான் என்னங்க பண்றது? சாமி வந்து பேசுனா அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கறேன். பேய் வந்து பேசுனா அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கறேன். புள்ளையே பேசுனா, அதுக்கு எங்கிட்ட வழியில்லீங்களே தம்பி."

அந்த வார்த்தையிலிருந்தே எனக்கு ஒரு யோசனை வந்தது. நேராகப் போய்த் தங்கை பக்கத்தில் குந்தினேன். அவள் கன்னத்தில் வேப்பங்குழை கிழித்த கோடு. தண்ணீர் கொடுக்கிற சாக்கில் காதோடு காதாகச் சொன்னேன்: "அம்மிணி, அவங்க கேக்கறாப்பலயே சொல்லிப்போடு. கிணத்துல உழுந்தவதான் வந்திருக்கறேன்னு சொல்லு. இந்தக் கலியாணத்தை நிறுத்தினாத்தான் போவேன்னு சொல்லு. பேய் சொன்னாக் கேப்பாங்க."

அவள் என்னைப் பார்த்த பார்வை! "நான் வேண்டாம்னு சொன்னாப் பத்தாதுங்களாண்ணா? செத்தவ வந்து சொல்லோணுமா?" என்றாள். தண்ணீரைக்கூடக் குடிக்காமல் சொம்பைத் தள்ளிவிட்டாள். அன்றும், மறு வெள்ளிக்கிழமையும், தன் பேரையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த வாரம் அவளுக்குத் தெம்பில்லை. சரியாகச் சாப்பிடவுமில்லை. உடுக்கை ஆரம்பித்ததுமே, "ஆமா! நான்தான் கிணத்துல உழுந்தவ! இந்தக் கலியாணம் நடக்கக் கூடாது, நடந்தா உடமாட்டேன்!" என்று அலறினாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. தப்பித்தாள், தப்பித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மாமன் முன்னால் வந்தார். "பாத்தீங்களா மச்சான்? வாழாமச் செத்தவ இல்லீங்களா, நம்ம புள்ள வாழப்போற வாழ்வு அவளுக்குப் பொறுக்கலை. நாளைத் தள்ளக் கூடாதுங்க. கழுத்துல தாலி ஏறிப்போச்சுன்னா அது தன்னால ஓடிப்போயிரும்" என்றார். பூசாரியும் யோசித்துவிட்டு, அதுவும் ஒரு வழிதான் என்றார். தை மாசத்தில் வைத்திருந்த கலியாணத்தை முதல் முகூர்த்தத்துக்கே நகர்த்தினார்கள்.

மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நான் கோயமுத்தூருக்குத் திரும்பினேன். காப்பி கிளப்பில் வாத்தியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மனுஷன் ஆறின காப்பியைத் தொடாமல் கேட்டார். கண்கூடக் கலங்கினது. இந்த ஊரில் இவர் ஒருவராவது புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். அப்போது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தப்பா நினைச்சுக்காதீர். வேற யார் மேலேயாவது அவளுக்கு மனசு இருந்ததோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"பின்னே ஏன் வேண்டாம்கறா? ஒரு காரணம் இல்லாமலா?"

காரணமில்லாமல் பேசுகிற பாத்திரங்களுக்காக ஊரோடு சண்டை பிடித்த மனுஷன்! கதையில் என்றால் அவருக்கு அது கலை. எங்கள் வீட்டுப் பெண் என்றால் காரணம் வேண்டியிருக்கிறது. நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவரோடு சிநேகம் இல்லாமல் போகவில்லை, ஆனால் கதை பற்றிப் பேசுவது குறைந்துபோயிற்று. தங்கையை வைத்து ஒரு கதை எழுதிவிடலாம் என்று பலதரம் உட்கார்ந்தேன். ‘நான்’ என்று முதல் வார்த்தை எழுதினதும், அடுத்த வார்த்தை என்னுடையதாகத்தான் வந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

கலியாணத்தில் என் தங்கை அழவில்லை. தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், சொன்னதைச் செய்தாள். கழுத்தில் தாலி ஏறின பிறகு பழைய மரியாதையான பேச்சே பேசினாள். "பாருங்க, தெளிஞ்சுபோச்சு" என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மாமன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டபடி கிடாய் வெட்டினார். அவளைப் பார்க்க நான் இரண்டொரு தரம் அவிநாசிப் பக்கம் போனேன். "நல்லா இருக்கறனுங்கண்ணா" என்பாள். வேறு எதைக் கேட்டாலும் அதையேதான் சொல்வாள்.

சில வருஷம் கழித்து ஒரு செய்தி வந்தது. மில்லுக்குப் பருத்தி வண்டி ஓட்டி வந்த அவிநாசிப் பக்கத்து ஆள் ஒருவன், "உங்க தங்கச்சி மேல அம்மன் வருதுங்களே, தெரியாதுங்களா? வெள்ளிக்கெழமை ஆனா ஊரே அங்கதானுங்க. சொன்னாச் சொன்னபடி பலிக்குது!" என்றான். அந்த வெள்ளிக்கிழமை மில்லுக்கு லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாமன் வீட்டு வாசல் நிறைய ஜனம். மழை எப்போது பெய்யும், கறவை எப்போது சினைபிடிக்கும், மகன் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன் திரும்புவானா என்று கேட்க வந்தவர்கள். நடுவில் மஞ்சள் சேலை உடுத்தி, தலையை விரித்துப்போட்டு என் தங்கை உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வீட்டுக்காரர், அதிர்ந்து பேசாத அந்த மனுஷன், கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவர் முகத்தில் அசல் பக்தி. அத்தை கைகூப்பி நின்றாள். கேட்கிறவர்களுக்கெல்லாம் தங்கை பதில் சொன்னாள். யாரையும் ‘ங்க’ போட்டுப் பேசவில்லை, மாமனைக்கூட ‘வாடா’ என்றுதான் கூப்பிட்டாள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

பின்வரிசையில் நின்ற என்னைக் கண்டுகொண்டாள்.

"வாடா இங்க!"

போய் நின்றேன்.

"உன்ற பொறந்தவளை இந்த ஊட்டுல குடுத்தீங்களே, யாரைக் கேட்டுடா குடுத்தீங்க? அவ வேண்டாம்னா. சபையில வந்து நின்னு வேண்டாம்னா. கொழையால அடிச்சுக் கொண்டாந்து தள்ளுனீங்க. வந்த நாள் மொதலா அவ ஒரு நாள் மனசு உட்டுச் சிரிச்சதில்லடா! திங்கறா, பால் கறக்கறா, படுக்கறா. உசுரோடதான் இருக்கறாளான்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

மாமன் உட்கார்ந்த இடத்திலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மாப்பிள்ளை தட்டைக் கீழே வைத்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தார். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தப்புத்தானுங்க தாயி! தப்புத்தான்! என்ன பரிகாரம் பண்ணோணும், சொல்லுங்க தாயி!" என்று கதறினாள்.

கேட்டுவிட்டார்கள்! கடைசியில் கேட்டே விட்டார்கள்! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி ஏதாவது மாறும் என்று நினைத்தேன். அவள் பரிகாரம் ஒன்றும் சொல்லவில்லை. அத்தையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் உடம்பு துவண்டு சாய்ந்துவிட்டாள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமனிடம், "ஆடி வெள்ளிக்கு அம்மனுக்குப் பட்டுச்சேலை எடுத்துச் சாத்திப்போடலாமுங்க. நல்ல பச்சையா எடுக்கோணும்" என்றாள். மாமன் தலையாட்டினார். ஜனம் திருநீறு வாங்கிக்கொண்டு கலைந்தது.

மத்தியானம் தங்கை எனக்கு இலை போட்டாள். தலையை அள்ளி முடிந்து, முகம் கழுவி, பொட்டு வைத்து, சாதாரணச் சேலையில் இருந்தாள். "எப்பங்கண்ணா வந்தீங்க? ஊட்டுல ஐயன் சுகமுங்களா? அம்மாளுக்கு முட்டிவலி தேவலைங்களா?" என்று கேட்டுக்கொண்டே சோறு வைத்தாள். சமையற்கட்டில் நாங்கள் இருவர் மட்டுந்தான். மற்றவர்களெல்லாம் களத்துப் பக்கம் போயிருந்தார்கள்.

"அம்மிணி," என்றேன். "அது நீதானே பேசுனே?"

"எதுங்கண்ணா?"

"காலையில. எங்கிட்டப் பேசுனது. நீதானே? நான் ஒருத்தன்தான் அன்னைக்கும் நீதான் பேசறேன்னு சொன்னவன். எங்கிட்டயாச்சும் சொல்லு கண்ணு."

அவள் குழம்புச் சட்டியை இறக்கி வைத்தாள். "நான் ஒண்ணும் பேசலீங்கண்ணா. அம்மன் வந்தா எனக்கு ஒண்ணுமே ஞாபகமிருக்காதுங்க" என்றாள். முகத்தை ஊன்றிப் பார்த்தேன். பொய் சொல்கிற முகமா, மெய் சொல்கிற முகமா, எனக்குத் தெரியவில்லை. கூடப் பிறந்த எனக்குத் தெரியவில்லை.

குழம்பு ஊற்றினாள். அப்புறம் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "என்னைப் பத்தியாங்க சொல்லுச்சு?" என்று கேட்டாள். "என்னங்க சொல்லுச்சு?"

நான் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், அவள் சொன்னதை அவளுக்கே சொன்னேன். அவள் இங்கே வந்த நாள் முதல் ஒரு நாளும் மனசு விட்டுச் சிரித்ததில்லை என்று. அவள் உயிரோடு இருக்கிறாளா என்று யாரும் கேட்கவில்லை என்று. பக்கத்து வீட்டுச் சேதி கேட்பவள் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்படியாங்கண்ணா?" என்றாள். "அம்மன் சொன்னா அது சரியாத்தானுங்க இருக்கும்."

இன்னொரு கை சோறு வைத்தாள்.